கடலோரக் கேரவனுக்கு வரும் நோய்கள்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது என்று நம்பித்தான் நம்மில் பலர் அந்த வகைக் கேரவனை, அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை, வாங்குகிறோம். கூடு துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கூட்டுக்குள் இருக்கும் பிளைவுட் தரை மக்கும், அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூ துருவேறும், அடியில் இருக்கும் இரும்புச் சேசியும் (அடிச்சட்டம்) மின்கம்பி முனைகளும் உப்புக்காற்றில் அரிக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிச் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், ஐசிபிங்கோ என்று நம் வீட்டு முற்றங்களில் நிற்கும் கேரவன்கள் ஈஸ்டர், ஜூலை, டிசம்பர் விடுமுறைகளில் மட்டும் சாலைக்கு வருகின்றன. மற்ற மாதங்களெல்லாம் டர்பன் புழுக்கத்தில் மூடியபடி நிற்கின்றன. பழுதுகளில் பெரும்பாலானவை ஓட்டத்தில் வருவதில்லை, இந்த நிற்பில்தான் வருகின்றன.

உறவினர், அயலார் கேரவன்களில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில் வரும், பெரிய செலவு கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்ட வேண்டாம். உருக்குலைந்த ஒரு ரப்பருக்காகப் புதுக் கூரையே போட வைத்த கதைகள் நம் ஊரில் உண்டு.

அறிகுறி 1: உள்ளே மக்கிய வாசனை, சுவரில் ஈரம்

முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: நீர் வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயே உண்டாகிறதா? இதைத் தீர்க்காமல் சீலன்ட் டியூபைக் கையில் எடுக்காதீர்கள்.

ஈரமான இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, உள்ளங்கையளவு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரோடு ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

*தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால்*

சுவர் வியர்க்கிறது. ஒற்றை அடுக்கு ஃபைபர்கிளாஸ் கூட்டில் இது இயல்பு. நான்கு பேர் படுத்துறங்கும் மூச்சும், கேஸ் அடுப்பு எரியும்போது பிறக்கும் நீராவியும் குளிர்ந்த சுவரில் படிகின்றன. கூரை ஜன்னலை இரவில் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். அரிசி வேகவைப்பதை வெளியே பந்தல் அடியில் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. குளிர் வருகிறதென்று தரையோரக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அதை அடைப்பது உயிரோடு விளையாடுவது.

*தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால்*

எங்கோ ஒழுகுகிறது. ஈரம் தெரியும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரை விளக்கின் ஸ்குரூத் துளையில் நுழைந்த நீர், கூட்டின் உள்வளைவைப் பிடித்து வழிந்து, கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். அதனால் தேடல் மேலே தொடங்க வேண்டும், நீர் அடிப்பது கீழே தொடங்க வேண்டும்.

சந்தேகிக்க வேண்டிய இடங்கள் இந்த வரிசையில்: ஜன்னல் ரப்பர், கூரை ஜன்னலின் சட்டம், பக்க விளக்குகள், பந்தல் கோர்க்கும் அலுமினியத் தண்டவாளத்தின் ஸ்குரூக்கள், கடைசியாகக் கூட்டின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இணைப்பு.

ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார வேண்டும். மற்றவர் தோட்டக் குழாயைக் குறைந்த வேகத்தில் திறந்து, ஜன்னலின் கீழ் விளிம்பில் சில நிமிடம், பிறகு பக்கங்களில், பிறகு மேல் விளிம்பில் என்று நிதானமாக ஏற வேண்டும். கூரையில் ஊற்றிவிட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் தெரியாமல் போகும். எங்கள் வீட்டில் உள்ளே உட்காருவது என் மருமகன். "மாமா, நிறுத்துங்கள், இங்கே" என்று அவன் குரல் வரும் நொடியில் குழாய் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழேதான் ஓட்டை.

இதில் பிடிபடாவிட்டால் காற்றுச் சோதனை. துளைகளையெல்லாம் டேப்பால் மூடி, ஒரு ஜன்னல் வழியாக விசிறியால் உள்ளே காற்றைச் செலுத்தி, வெளியே சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி எழும் இடம் ஓட்டை. சோதனை முடிந்ததும் டேப்பை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

அடைப்பதற்கு எதை வாங்குவது? வினிகர் போல மணக்கும் சாதாரணச் சிலிக்கான் வேண்டாம். அது ஃபைபர்கிளாஸில் படிந்த இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, ஜெல்கோட்டும் (கூட்டின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சு) ஒட்டாது, புதுச் சீலன்டும் ஒட்டாது. முன்னாள் உரிமையாளர் பூசிய சிலிக்கானைச் சுரண்டுவதில்தான் என் நேரத்தின் பெரும்பகுதி போகிறது. பிறகு கழற்ற வேண்டியவற்றுக்கு, அதாவது கூரை ஜன்னல், விளக்கு, தண்டவாளம் ஆகியவற்றுக்கு பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை). நிரந்தர இணைப்புக்கு பாலியுரீத்தேன் சீலன்ட். இது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது, ஆகவே டர்பன் காற்று அதற்கு உதவும். ஆனால் பூசும் பரப்பு உலர்ந்திருக்க வேண்டும்.

பழைய சீலன்டைத் துடைக்க அசிட்டோன் எடுப்பவர்கள் ஜன்னலிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். கேரவன் ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அசிட்டோன் பட்டால் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்பு விழும், மாற்றுவதைத் தவிர வழியில்லை.

*தரை மெத்தென்று அமுங்கினால்*

ஒழுகல் பழையது என்று அர்த்தம். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பாருங்கள். அமுங்கும் எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். பிறகு மெல்லிய குத்தூசியால் அந்த எல்லைக்குள் அங்கங்கே குத்துங்கள். மரம் எதிர்க்காமல் ஊசி இறங்கினால் அந்தப் பகுதி உளுத்துவிட்டது.

உள்ளங்கையளவுதான் என்றால், ஒழுகலை அடைத்து நன்றாகக் காயவிட்டு, சிறு துளைகள் இட்டு நீர்த்த எபாக்சிப் பிசினை ஊற்றி இறுக்கலாம். அதற்கு மேல் என்றால் வெட்டி எடுத்துவிட்டுக் கடல்வகைப் பிளைவுட் வைக்க வேண்டும். விளிம்புகளை எபாக்சியால் மூடாமல் வைத்தால் இதே வேலை மறுபடி வரும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* உளுத்த பகுதி சேசி போல்ட்டுகளைத் தொட்டாலோ, தரையும் சுவரும் சேரும் விளிம்பில் ஓடினாலோ நீங்கள் கை வைக்க வேண்டாம். பல சிறு ஃபைபர்கிளாஸ் கேரவன்களில் தரையே கூட்டைச் சேசியோடு கட்டி வைத்திருக்கிறது. அங்கே பலவீனம் என்றால் அது சாலைப் பாதுகாப்புப் பிரச்சினை.

அறிகுறி 2: கூட்டில் வெடிப்பு அல்லது வெளிறல்

*கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது:* வெயில் ஜெல்கோட்டின் மேற்பரப்பைத் தின்றிருக்கிறது. கழுவி, மெருகுக் குழம்பால் தேய்த்து, மெழுகு பூசினால் தீரும். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம்தான். மூலைகளில் அதைவிட மெல்லியதாக இருக்கலாம். இயந்திரத்தை மூலைகளில் அழுத்தாதீர்கள்.

*மயிரிழை வெடிப்புகள்:* ஒரு ஸ்குரூவைச் சுற்றி நட்சத்திரம் போல் பரவியிருந்தால், யாரோ அதை அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள். வளைவுகளில் இணைகோடுகளாக இருந்தால் அந்த இடம் அசைகிறது. உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்ற ஒலி மாறி மொத்தென்று கேட்டால் உள் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன.

மேலோட்டமான வெடிப்பை V வடிவில் கீறி, ஜெல்கோட் நிரப்பித் தேய்த்துவிடலாம். ஜெல்கோட்டில் அதை இறுக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். டப்பாவில் எழுதியிருப்பதே சட்டம். பிப்ரவரிக் கோடை வெயிலில் கலவை கோப்பையிலேயே கெட்டியாகிவிடும், எனவே அதிகாலையில், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். அந்தக் கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

வெடிப்பு மறுபக்கம் வரை போயிருந்தால் ஜெல்கோட் நிரப்புவது வீண். உள்ளிருந்து ஃபைபர்கிளாஸ் இழைப்பாய் ஒட்ட வேண்டும். ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கும்போது கூட்டின் கனத்தைப் போல 12 மடங்கு அகலம் விடுவது நல்ல அளவு. 3 மில்லிமீட்டர் கூடு என்றால் 36 மில்லிமீட்டர் சரிவு. பாலியெஸ்டர் ரெசினில் செய்தால் மேலே ஜெல்கோட் பூசலாம். எபாக்சியில் செய்தால் ஒட்டு வலுவாக இருக்கும், ஆனால் அதன்மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* கதவுச் சட்டத்தின் மூலையிலிருந்து வெடிப்பு நீண்டுகொண்டே போனால். அது கூட்டின் வெடிப்பாகத் தெரியும், ஆனால் காரணம் வளைந்த சேசியாக இருக்கலாம். மேலே எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். படகு செய்யும் பட்டறைகளில் நல்ல ஃபைபர்கிளாஸ் கைகள் கிடைக்கும். கேரவன் கடையைவிட அங்கே போவதையே நான் விரும்புவேன்.

அறிகுறி 3: பின்விளக்குகள் எரியவில்லை அல்லது மாறி மாறி எரிகின்றன

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மின்னுகிறதா? இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா? பத்தில் ஒன்பது முறை எர்த் போயிருக்கிறது. ஏழு முனைப் பிளக்கில் 3-ஆம் முனை, வெள்ளைக் கம்பி. முதலில் அதைப் பாருங்கள்.

இரும்பு டிரெய்லரில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே விளக்கை உடலில் ஸ்குரூ போட்டாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர்கிளாஸ் மின்சாரம் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் சேசி வரைக்கும் தனி எர்த் கம்பி வேண்டும், அதன் முனை துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியை வேறு பல்பு வழியாகத் தேடும். மாறி எரிவதற்குக் காரணம் இதுதான்.

வரிசையாக: பிளக்கின் முனைகளைப் பச்சைப்பாசி போன்ற உப்புப் படிவு போகும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் ஸ்ப்ரே அடியுங்கள். பிறகு சேசியில் எர்த் போல்ட்டைக் கழற்றி, பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் முறுக்கி கிரீஸ் பூசுங்கள். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, பிறகு அதன் ஹோல்டர். ஒரு பக்கம் முழுவதும் எரியவில்லை என்றால் சோதனை விளக்கால் முனைமுனையாகப் பாருங்கள்: 1 இடது இண்டிகேட்டர் மஞ்சள், 4 வலது இண்டிகேட்டர் பச்சை, 5 வலது பின்விளக்கு பழுப்பு, 6 பிரேக் சிவப்பு, 7 இடது பின்விளக்கு கறுப்பு. பழைய உரிமையாளர் கம்பி நிறம் மாற்றியிருக்கலாம், எனவே நிறத்தைவிட முனை எண்ணை நம்புங்கள்.

எல்.இ.டி. விளக்கு மாற்றியபின் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் கோளாறில்லை, காரின் ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் கருவி), பல்பு கெட்டுவிட்டதாக நினைக்கிறது. அதற்குரிய ரெசிஸ்டர் அல்லது ஃப்ளாஷர் மாற்றினால் போதும்.

அறிகுறி 4: முகாமின் மின்சாரத்தை இணைத்ததும் சுவிட்ச் விழுகிறது

எந்தச் சுவிட்ச் விழுகிறது என்று பாருங்கள்.

*16 ஆம்பியர் பிரேக்கர் விழுந்தால்* சுமை அதிகம். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3,680 வாட். கெட்டில் ஒன்றே 2,000 வாட் வாங்கும். கெட்டில், ஹீட்டர், ஃபிரிட்ஜ் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். டிரம்மில் சுற்றிய நீட்டிப்புக் கம்பியை முழுதும் அவிழ்த்து விடுங்கள், சுற்றியபடியே சுமை ஏற்றினால் உள்ளே சூடேறி உருகும்.

*எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) விழுந்தால்* எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒன்றொன்றாகச் செருகுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் குற்றவாளி ஃபிரிட்ஜ். மாதக்கணக்கில் நின்றதில் அதன் 220 வோல்ட் ஹீட்டிங் எலிமென்ட் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ஃபிரிட்ஜைக் கேஸில் சில மணி நேரம் ஓட்டினால் எலிமென்ட் காய்ந்து, பிறகு மின்சாரத்திலும் விழாமல் ஓடுவதுண்டு. அப்படியும் விழுந்தால் எலிமென்ட் மாற்ற வேண்டும்.

எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் விழாது என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கும் மரணத்துக்கும் நடுவில் நிற்பது அந்தக் கம்பிதான்.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரம் நிறுத்துவது) வரும் வேளைகளில் மின்சாரம் போனதும் பிளக்கை எடுத்துவிடுங்கள். திரும்பி வரும் நொடியின் உயர் அழுத்தத்தில் பேட்டரி சார்ஜர்கள் கருகிப்போகின்றன.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* எதையும் செருகாதபோதே எர்த் லீக்கேஜ் விழுந்தால், சுவருக்குள் கம்பி நனைந்திருக்கலாம். பதிவு பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

அறிகுறி 5: ஃபிரிட்ஜ் குளிரவில்லை

கேஸ், 220, 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் உறிஞ்சுவகை ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்கிறேன்.

மட்டம் பாருங்கள். வண்டி சாய்ந்து நின்றால் இந்த ஃபிரிட்ஜ் வேலை செய்யாது. ஃப்ரீசருக்குள் ஒரு சிறு மட்டக்கோலை வைத்து, ஜாக்கிகளால் நேராக்கி, மறுநாள் காலை வரை பொறுத்துப் பாருங்கள். இது குளிர ஆரம்பிக்கவே பல மணி நேரம் எடுக்கும். பயணத்துக்கு முந்தைய இரவே வீட்டு மின்சாரத்தில் ஓடவிடுவது நல்லது.

*12 வோல்ட்டில் மட்டும் குளிரவில்லை* என்றால் அது பழுதல்ல. 12 வோல்ட் ஏற்கெனவே குளிர்ந்ததைத் தக்கவைக்க மட்டுமே. வண்டி நின்றதும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி செத்திருக்கும்.

*கேஸில் மட்டும் குளிரவில்லை* என்றால் பர்னரைப் பாருங்கள். நின்றுபோன மாதங்களில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும். வெளிக் காற்றுச் சல்லடையைக் கழற்றித் தூசியைத் துலக்குங்கள். சிறு ஜெட்டை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிக் கெட்டுவிடும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றூதுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் தீ, கரி படிவு என்றால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து உண்டு, அன்று இரவு அதை எரித்துக்கொண்டு உறங்காதீர்கள்.

*எல்லாவற்றிலும் குளிரவில்லை, பின்புறக் குழாய் மட்டும் சூடாகிறது:* குளிர்விக்கும் அலகே போய்விட்டது. அம்மோனியா நெடியோ மஞ்சள் பொடியோ தெரிந்தால் உறுதி. அந்தப் பொடி நச்சு, தொடாதீர்கள். இது பட்டியலில் விலை உயர்ந்த பழுது, புது ஃபிரிட்ஜ் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

அறிகுறி 6: இழுக்கும்போது வால் ஆடுகிறது, அல்லது சக்கரம் கொதிக்கிறது

*ஆட்டம்:* முதலில் பாரம். கனமானவை அச்சின் மேல், தரையோரத்தில் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் கேன்கள், சைக்கிள்கள் கட்டினால் ஆடும். கொக்கி முனையின் எடையைப் பாருங்கள்: குளியலறைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டை நிறுத்தி, அதன்மேல் கொக்கியை இறக்கினால் தெரிந்துவிடும். ஏற்றிய கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் வரும்படி சாமான்களை நகர்த்துங்கள். காரின் இழுகொக்கித் தகட்டில் அதற்குக் கீழான எல்லை எழுதியிருந்தால் அதுவே எல்லை.

அடுத்து டயர். டயரின் பள்ளக்கோடுகள் ஆழமாகத் தெரிந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. ஏழு ஆண்டைத் தாண்டியதை நான் நம்பமாட்டேன். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று காய்ந்து சாகிறது.

ஓடும்போது ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க முயலாதீர்கள், திடீரென்று பிரேக்கும் போடாதீர்கள்.

*சக்கரம் சூடு:* ஓய்விடத்தில் நின்றதும் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டு செல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே பேரிங் அல்லது பிரேக். ஜாக்கி போட்டு உயர்த்தி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது, சுற்றும்போது கரகரவென்றால் மாற்ற வேண்டும். சுற்றவே சிரமமாக இருந்தால் பிரேக் ஒட்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைப்பது கடலோரத்தில் கட்டாயம்.

ஃபிரீ ஸ்டேட் போய் வான் ரீனன் கணவாய் வழியாக N3-இல் இறங்கும்போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்திலும் பிரேக் வாடை வந்தால், கியரை முன்கூட்டியே குறைத்து இறங்குங்கள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முழு எடை 750 கிலோவைத் தாண்டும் கேரவனை இழுக்க ஈபி (EB) வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும். பல குடும்பங்களில் கேரவனை இழுப்பவருக்கு அது இருக்கிறதா என்று யாரும் கேட்டதே இல்லை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* ஓவர்ரன் பிரேக்கை (கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னே தள்ளுவதால் இயங்குவது) சரிசெய்ய வேண்டுமென்றால். டிரம்மில் முதலில், பிறகு தண்டில் என்று வரிசை உண்டு. கேபிளை மட்டும் முறுக்கினால் சில கிலோமீட்டரில் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி 7: பம்ப் ஓடுகிறது, நீர் வரவில்லை

தொட்டி காலியா என்று பாருங்கள். பிறகு உறிஞ்சு குழாயின் கிளிப்பை இறுக்குங்கள், நீர் வெளியே கசியாத இடத்திலும் காற்று உள்ளே நுழையும். பிறகு பம்ப் முன்னிருக்கும் சிறு சல்லடை. குழாயை மூடியும் பம்ப் இடைவிடாமல் ஓடினால் எங்கோ நீர் கசிகிறது. அறிகுறி 1-ஐ மீண்டும் படியுங்கள், அந்த நீரும் தரைக்குத்தான் போகிறது.

அறிகுறி 8: கேஸ் நாற்றம்

கேஸ் உருளையின் வால்வை மூடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிடுங்கள். எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், எல்லோரும் வெளியேறுங்கள். நாற்றம் முழுதும் போனபின் வெளியே உருளையின் இணைப்பில் மட்டும் சோப்பு நீர் பூசிப் பார்க்கலாம். குமிழி வந்தால் ரெகுலேட்டர் வாஷரையோ குழாயையோ மாற்றலாம், ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். கேரவனுக்குள் இருக்கும் செம்புக் குழாய், அடுப்பு, ஹீட்டர் எதையும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் (தென்னாப்பிரிக்காவில் கேஸ் பணியாளரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு அட்டை உள்ள பணியாளரை வரச்சொல்லுங்கள், வேலை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அட்டையைக் காட்டத் தயங்குபவரை வாசலிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.